வங்கிக் கணக்கில் புரியாத டாக்சிக் கட்டணம்: இனம் காண்பதும் மறுப்பதும் – முழுமையான வழிகாட்டி

ஓலா, ஊபர், ரேபிடோ, நம்ம யாத்ரி போன்ற செயலிகளில் வண்டி பிடிப்பவர்களின் வங்கி ஸ்டேட்மென்ட்டில் எதற்கென்றே புரியாத பற்று வரி, அதாவது பணம் போனதைக் காட்டும் பதிவு ஒன்று அவ்வப்போது கண்ணில் படுகிறது. தொகை சிறியது என்று பலர் அதை விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் பதறிப்போய் இணையத்தில் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடி, அந்த எண்ணுக்குப் பின்னால் காத்திருக்கும் மோசடிக்காரரிடம் மீதிப் பணத்தையும் பறிகொடுக்கிறார்கள். அந்த வரி என்ன சொல்கிறது என்று அறிவதற்கும், அது தவறானதாக இருந்தால் பணத்தைத் திரும்பப் பெறுவதற்கும் தெளிவான வழிகள் இருப்பதால், இந்த இரண்டு நிலைக்கும் யாரும் தள்ளப்பட வேண்டியதில்லை.

தொடங்கும் முன்பு ஒரு வேறுபாட்டை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பயணம் உங்களுடையதுதான், தொகை மட்டும் தவறு என்றால் முதலில் அணுக வேண்டியது டாக்சி நிறுவனத்தை. வங்கி கடைசியில்தான் வரும். பயணமே உங்களுடையதில்லை, உங்கள் அனுமதியின்றிப் பணம் போயிருக்கிறது என்றால் முதலில் அணுக வேண்டியது வங்கியை, அதுவும் தெரிந்த அன்றைக்கே. இந்த வரிசை மாறினால் நஷ்டம் நமக்குத்தான். கட்டணத் தகராறை நேரே வங்கிக்குக் கொண்டுபோனால், பயணம் நடந்ததற்கான பதிவைக் காட்டி நிறுவனம் எளிதாக வென்றுவிடும். உங்கள் செயலிக் கணக்கை முடக்கவும் கூடும். மோசடிப் பற்றுக்காக டாக்சி நிறுவனத்தின் பதிலை எதிர்பார்த்துக் காத்திருந்தால், வங்கியிடம் முழுத் தொகையையும் கேட்கும் உரிமைக்கான நாட்கள் கழிந்துபோகும்.

முதல் படி: அந்த வரியை எழுத்து எழுத்தாகப் படிப்பது

ஸ்டேட்மென்ட்டில் செயலியின் பெயரே வரும் என்ற உறுதி இல்லை. ஓலாவை நடத்தும் நிறுவனத்தின் சட்டப்பூர்வப் பெயர் ஏஎன்ஐ டெக்னாலஜிஸ். ரேபிடோவின் தாய் நிறுவனம் ரோப்பன் ட்ரான்ஸ்போர்டேஷன் சர்வீசஸ். ஊபர் பெரும்பாலும் ஊபர் இந்தியா சிஸ்டம்ஸ் என்றோ, ஊபர் என்ற சொல்லுக்குப் பின் ஒரு நட்சத்திரக் குறியும் ‘ட்ரிப்’ என்ற சொல்லுமாகவோ தோன்றும். ரேசர்பே, பேயூ, பேடிஎம் போன்ற இடைநிலைப் பணப் பரிமாற்ற நிறுவனத்தின் பெயர் மட்டும் வருவதும் உண்டு. ஆகவே பெயர் பழக்கமில்லாதது என்பதை மட்டும் வைத்து மோசடி என்று முடிவு கட்ட வேண்டாம்.

நம் ஊரில் அதிகம் குழப்புவது யுபிஐ வரிதான். ஆட்டோவும் பைக் டாக்சியும் பிடிக்கும்போது, செயலி வழியாகப் பதிவு செய்தாலும், கட்டணத்தை ஓட்டுநரின் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து நேரடியாக அவருக்கே செலுத்துவது பரவலான வழக்கம். அப்போது ஸ்டேட்மென்ட்டில் நிறுவனத்தின் பெயருக்கே இடமில்லை. யுபிஐ என்ற சொல், பற்றைக் குறிக்கும் டிஆர் என்ற எழுத்துகள், 12 இலக்கங்கள் கொண்ட ஒரு எண், அதன் பின் ஒரு தனிமனிதரின் பெயர், அவருடைய வங்கியின் சுருக்கப் பெயர், சில வேளைகளில் பாதியில் வெட்டுப்பட்ட யுபிஐ முகவரி என்று அந்த வரி நீளும். அந்தத் தனிமனிதர் ஓட்டுநராகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அவர் ஒட்டி வைத்திருக்கும் கோடு மனைவியின் கணக்குக்கோ மகனின் கணக்குக்கோ உரியதாக இருக்கலாம். செயலி காட்டும் ஓட்டுநர் பெயரும் வங்கி காட்டும் பெயரும் வேறு வேறாக இருப்பது இதனால்தான்.

அந்த 12 இலக்க எண்ணைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். ஜிபே, போன்பே, பேடிஎம், பீம் என்று நீங்கள் எதைப் பயன்படுத்தினாலும், பரிவர்த்தனை வரலாற்றில் அதே எண் இருக்கும். நிமிடக் கணக்கில் நேரமும் இருக்கும். வங்கி வரியில் நாள் மட்டுமே தெரியும் என்பதால், நேரத்தை அறிய இதுவே சுருக்கமான வழி.

யுபிஐ லைட் பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பின் எண் கேட்காமல் போகும் அந்தச் சிறு தொகைகள் வங்கி ஸ்டேட்மென்ட்டில் ஒவ்வொன்றாகத் தெரிவதில்லை. லைட் கணக்கில் பணம் நிரப்பிய மொத்தத் தொகை மட்டுமே அங்கே பதிவாகும். செயலிகளின் வாலெட்டில் பணம் ஏற்றினாலும் இதே கதைதான். முந்நூறு ரூபாய்ப் பயணத்துக்கு ஏன் ஆயிரம் ரூபாய் போயிற்று என்று திகைப்பவர்கள் முதலில் இங்கே பார்க்க வேண்டும்.

இரண்டாம் படி: பயணப் பட்டியலோடு ஒப்பிடுவது

செயலியைத் திறந்து, ‘என் பயணங்கள்’ பகுதியில் சந்தேக நாளுக்கு மூன்று நாள் முன்பிருந்து பாருங்கள். கார்டில் செலுத்திய தொகை பயணம் நடந்த அன்றே கணக்கில் ஏறிவிடும் என்று சொல்ல முடியாது. சனிக்கிழமை இரவுப் பயணம் திங்கட்கிழமையோ செவ்வாய்க்கிழமையோ பதிவாவது வழக்கமானதே. ரத்தான பயணங்களையும் சேர்த்துப் பாருங்கள். ரத்துக் கட்டணம் அன்றைக்கே வசூலிக்கப்படாமல் அடுத்த பயணத்தின் தொகையோடு சேர்ந்து வருவதால், பலர் அதை அடையாளம் காணாமல் போகிறார்கள்.

ஒரு எடுத்துக்காட்டு. தாம்பரத்திலிருந்து தியாகராய நகருக்குச் செல்லும்போது செயலி 410 ரூபாய் காட்டியது, கணக்கிலிருந்து 485 ரூபாய் போயிற்று என்று வைத்துக்கொள்வோம். பயண ரசீதைத் திறந்து அடிவரை பார்த்தால், காத்திருப்புக் கட்டணம் 25 ரூபாய், முந்தைய ரத்துக்கான நிலுவை 50 ரூபாய் என்று அந்த 75 ரூபாய் பிரிந்து நிற்கும். இப்போது உங்கள் கேள்வி கூர்மையாகிவிட்டது: ஓட்டுநர் வந்து நின்றது எத்தனை நிமிடம்? முந்தைய பயணத்தை ரத்து செய்தது நீங்களா, அவரா? இப்படிப் பிரித்துக் கேட்கும் புகாருக்குத்தான் பதில் வரும். ‘அதிகமாக எடுத்துவிட்டீர்கள்’ என்று மொத்தமாக எழுதினால் வார்ப்புப் பதில்தான் கிடைக்கும்.

பட்டியலில் அப்படிப் பயணமே இல்லை என்றால், உடனே மோசடி என்று முடிவு செய்யாமல் வீட்டில் கேளுங்கள். ஒரே கார்டைப் பிள்ளைகளின் செயலியிலும் சேர்த்து வைத்திருப்பது, அம்மாவை மருத்துவமனைக்கு அனுப்ப மருமகன் தன் போனிலிருந்து வண்டி பிடித்தது, அலுவலக அக்கவுன்ட்டுக்குப் போக வேண்டிய பயணம் சொந்தக் கார்டில் விழுந்தது ஆகியவை மிகவும் சாதாரணமாக நடப்பவை. வெளிநாட்டில் படிக்கும் பிள்ளையிடம் கார்டு இருந்தால், பயணத் தொகை ஒரு வரியாகவும், அந்நியச் செலாவணி மாற்றுக் கட்டணமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் சில நாள் கழித்துத் தனி வரிகளாகவும் வரும். பின்னால் வருகிற அந்தச் சில்லறைத் தொகைகள்தான் பெற்றோரைப் பெரிதும் மிரட்டுகின்றன.

மாதம்தோறும் ஒரே தொகை போவதாகத் தெரிந்தால் அது சந்தா. யுபிஐ செயலியில் ‘ஆட்டோபே’ பகுதியையும், டாக்சி செயலியில் உறுப்பினர் திட்டங்கள் பகுதியையும் பாருங்கள். இத்தகைய தானியங்கிப் பற்றுக்கு 24 மணி நேரம் முன்னதாக அறிவிப்பு வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வரவில்லை என்றால் அதையும் புகாரில் எழுதலாம்.

கார்டில் ‘நிலுவை’ என்ற குறிப்போடு நிற்கும் தொகை இன்னும் வசூலாகாதது. கார்டு செல்லுபடியாகிறதா என்று பார்க்கச் சில செயலிகள் ஒரு தொகையைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கின்றன. சில நாட்களில் அது தானாக விடுபட்டுவிடும். அது பற்றாக மாறினால் மட்டும் அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

மூன்றாம் படி: எந்த வகை என்று முடிவு செய்வது

மேற்சொன்ன எதிலும் பொருந்தாத பற்று, நீங்கள் கேட்காமலே வந்த ஓடிபி குறுஞ்செய்தி, போகாத ஊரில் நடந்த பயணத்தின் ரசீது, ஒன்று இரண்டு ரூபாயாகச் சோதித்துவிட்டுப் பெரிய தொகையாகத் தொடரும் பற்றுகள், வெளிநாட்டு நாணயத்தில் ஒரு டாக்சிக் கட்டணம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அதை அனுமதியற்ற பரிவர்த்தனையாகவே கருதுங்கள்.

வெளிநாட்டு நாணயக் குறியைத் தனியே அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. இந்திய வணிகரிடம் இணையவழியில் கார்டைப் பயன்படுத்தினால் கூடுதல் சரிபார்ப்பு, அதாவது பெரும்பாலும் ஓடிபி, தேவை. தொடக்கக் காலத்தில் ஊபர் கார்டுக் கட்டணங்களை வெளிநாடு வழியாக வசூலித்து வந்ததால் இங்குள்ள பயணிகளிடம் ஓடிபி கேட்கப்படவில்லை. 2014 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அந்த வழியை அடைக்கும் சுற்றறிக்கையை வெளியிட்ட பிறகே, ஊபர் அந்த ஆண்டு நவம்பரில் இங்கே பேடிஎம் வாலெட்டைக் கொண்டுவந்தது. ஆனால் வெளிநாட்டில் பதிவான வணிகர்கள் பலர் இன்றும் கார்டு எண்ணும் காலாவதித் தேதியும் இருந்தாலே பணம் எடுக்க முடிகிறது. திருடப்பட்ட இந்தியக் கார்டு எண்கள் அயல்நாட்டு டாக்சிப் பயணத்துக்குப் பயன்படுவதற்கு வாசல் இதுதான்.

நான்காம் படி, முதல் வகை: பயணம் உங்களுடையது, தொகை தவறு

முதலில் ஆதாரங்களைத் திரட்டுங்கள். பயண ரசீது, பாதை வரைபடம், முன்பதிவின்போது காட்டிய கட்டணத்தின் ஸ்கிரீன்ஷாட் இருந்தால் அது, ஓட்டுநரோடு நடந்த சாட் உரையாடல், வங்கிக் குறுஞ்செய்தி ஆகியவை போதும். பிறகு செயலிக்குள்ளேயே குறிப்பிட்ட பயணத்தைத் திறந்து, அதன் கீழுள்ள உதவிப் பகுதியில் புகாரைப் பதியுங்கள். வெளியில் தேடிக் கிடைக்கும் தொலைபேசி எண்கள் எதையும் அழைக்காதீர்கள். பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்பவரும், யுபிஐ பின் எண்ணை அழுத்தச் சொல்பவரும் ஐயத்துக்கே இடமின்றி மோசடிக்காரர்கள். பணம் பெறுவதற்குப் பின் எண் ஒருபோதும் தேவையில்லை.

இந்தத் தொகைகளில் பல ஏற்கெனவே அரசின் கண்ணில் பட்டவை. நியாயமற்ற ரத்துக் கட்டணம் உள்ளிட்ட குறைகளுக்காக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 மே மாதத்தில் ஓலாவுக்கும் ஊபருக்கும் நோட்டீஸ் அனுப்பியது. வண்டி சீக்கிரம் கிடைக்க முன்கூட்டியே டிப்ஸ் சேர்க்கத் தூண்டும் முறை குறித்து 2025 மே மாதத்தில் ஊபரிடம் விளக்கம் கேட்டது. உங்கள் ரசீதில் டிப்ஸ் என்று ஒரு வரி இருந்தால், முன்பதிவின்போது தெரியாமல் அதைத் தொட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். மத்திய அரசு இத்தகைய டாக்சி செயலி நிறுவனங்களுக்காக வகுத்த 2025 மோட்டார் வாகன ஒருங்கிணைப்பாளர் வழிகாட்டு நெறிகள், தக்க காரணமின்றி ரத்து செய்பவரிடமிருந்து கட்டணத்தில் 10 சதவீதம், அதிகபட்சம் 100 ரூபாய் என்று வரம்பு விதிக்கின்றன; மாநில அரசுகள் ஏற்று நடைமுறைப்படுத்த வேண்டிய நெறிகள் இவை என்றாலும், புகாரில் மேற்கோள் காட்டத் தகுந்தவை.

பணத்தைத் திருப்பித் தருவதாக நிறுவனம் ஒப்புக்கொண்டால், எந்த வழியில் தருகிறது என்று கவனியுங்கள். அடுத்த பயணத்துக்கான கூப்பனாகக் கொடுத்து முடித்துவிடுவது நெடுநாள் பழக்கம். வங்கிக் கணக்குக்கா கூப்பனா என்று வாடிக்கையாளரே தேர்வு செய்ய வழி செய்ய வேண்டும் என்று 2024 அக்டோபரில் அந்த ஆணையம் ஓலாவுக்கு உத்தரவிட்டது. எந்த நிறுவனமாக இருந்தாலும், ‘பணம் செலுத்திய அதே வழியில் திருப்பித் தருக’ என்று முதல் செய்தியிலேயே எழுதிவிடுங்கள்.

இரு முறை பணம் செலுத்தும் நிலை தனியாகப் பேசப்பட வேண்டியது. ஸ்கேன் செய்தாயிற்று, கணக்கில் பணம் போயிற்று, ஆனால் ஓட்டுநரின் போனில் வரவில்லை. அவரும் நாள் முழுக்க உழைத்தவர், நாமும் அவசரத்தில் இருக்கிறோம், கையில் இருந்த ரொக்கத்தைக் கொடுத்துவிட்டு இறங்கிவிடுகிறோம். அந்த யுபிஐ பரிவர்த்தனை தோல்வியடைந்திருந்தால் பணம் தானாகத் திரும்ப வேண்டும். 2019 செப்டம்பர் 20-ஆம் தேதிய ரிசர்வ் வங்கி விதிப்படி, தனிநபருக்கு அனுப்பிய தொகை பரிவர்த்தனைக்கு மறுநாளுக்குள்ளும், வணிகருக்குச் செலுத்திய தொகை 5 நாட்களுக்குள்ளும் திரும்பாவிட்டால், அதன் பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். யுபிஐ செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து அங்கேயே புகார் பதியலாம். பரிவர்த்தனை வெற்றி என்று காட்டினால் பணம் ஓட்டுநர் தரப்புக்குச் சேர்ந்துவிட்டது என்று பொருள். செயலி வழியாக அவரைத் தொடர்புகொண்டு 12 இலக்க எண்ணைச் சொன்னால், பெரும்பாலானவர்கள் கணக்கைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இறங்கும் முன் அவருடைய வண்டி எண்ணைக் குறித்துக்கொள்வது இதற்காகத்தான்.

நிறுவனம் மறுத்தாலோ மௌனம் காத்தாலோ, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதன் பிறகும் தீராமல், கார்டில் செலுத்திய தொகையாக இருந்தால், வங்கியிடம் ‘சார்ஜ்பேக்’, அதாவது நிறுவனத்திடமிருந்து வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பப் பெறும் நடவடிக்கை, கேட்கலாம். வழங்கப்படாத சேவை, இரு முறை வசூல், ஒப்புக்கொண்டதற்கு மேற்பட்ட தொகை ஆகியவை அதற்கு ஏற்ற காரணங்கள். நிறுவனத்தோடு நடந்த கடிதப் போக்குவரத்து முழுவதையும் இணைத்துக் கொடுங்கள். முதலில் அவர்களிடம் முயன்றீர்களா என்பதுதான் வங்கி கேட்கும் முதல் கேள்வி.

நான்காம் படி, இரண்டாம் வகை: பயணமே உங்களுடையதில்லை

இங்கே வேகம்தான் எல்லாம். வங்கியின் செயலியிலோ, கார்டின் பின்புறம் அச்சிட்டுள்ள எண் வழியாகவோ கார்டை முடக்குங்கள். யுபிஐ என்றால் பின் எண்ணை மாற்றி, வங்கியிடம் யுபிஐ சேவையை நிறுத்தச் சொல்லுங்கள். அடுத்து வங்கியில் புகார் பதிந்து, புகார் எண்ணையும் பதிந்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொன்னதை அன்றே மின்னஞ்சலிலும் எழுதுங்கள்.

அவசரத்துக்குக் காரணம் 2017 ஜூலை 6-ஆம் தேதிய ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையில் வகுக்கப்பட்ட பொறுப்பு வரம்பு. தவறு வங்கி மீதும் இல்லாமல் உங்கள் மீதும் இல்லாமல் வேறெங்கோ நடந்திருந்து, வங்கியின் அறிவிப்பு கிடைத்த நாளை விட்டு 3 வேலை நாட்களுக்குள் நீங்கள் தெரிவித்தால், உங்களுக்கு நஷ்டம் எதுவும் கிடையாது. 4 முதல் 7 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், சாதாரண சேமிப்புக் கணக்குக்கும் 5 லட்சம் ரூபாய் வரை வரம்புள்ள கிரெடிட் கார்டுக்கும் உங்கள் பங்கு அதிகபட்சம் 10,000 ரூபாய். குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு அது 5,000 ரூபாய். 7 நாள் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி.

இந்த 10,000 ரூபாயைப் பெரிய பாதுகாப்பு என்று எண்ணிவிடக் கூடாது. பரிவர்த்தனைத் தொகை, வரம்புத் தொகை இரண்டில் எது குறைவோ அதுதான் உங்கள் பொறுப்பு. டாக்சிக் கட்டணம் 600 ரூபாய் என்றால் நான்காம் நாளில் அந்த 600 ரூபாய் முழுவதும் உங்கள் தலையில் விழக்கூடும். அதனால் சிறு தொகைகளுக்கு முதல் மூன்று வேலை நாட்கள்தான் உண்மையான பாதுகாப்பு. சிறு தொகைதானே என்று தள்ளிப்போடுபவர்கள் இழப்பது சரியாக இந்தப் பாதுகாப்பைத்தான்.

தெரிவித்த 10 வேலை நாட்களுக்குள் வங்கி அந்தத் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். 90 நாட்களுக்குள் புகாரை முடிக்க வேண்டும். வாடிக்கையாளரின் தவறுதான் என்று நிரூபிக்கும் பொறுப்பும் வங்கியுடையது. ஓடிபியையோ பின் எண்ணையோ நீங்களே யாருக்கேனும் சொல்லியிருந்தால் மட்டும், தெரிவிக்கும் நேரம் வரையிலான இழப்பு உங்களுடையது. தெரிவித்த பிறகு நடப்பவற்றுக்கு அப்போதும் வங்கியே பொறுப்பு. ஆகவே ஓடிபி சொல்லிவிட்டோமே என்று வெட்கப்பட்டு மறைப்பதால் இழப்பு கூடுமே தவிரக் குறையாது.

ஏமாற்றிப் பணம் பறிக்கப்பட்டிருந்தால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணையும் உடனே அழையுங்கள். பணம் போய்ச் சேர்ந்த கணக்கை அங்கிருந்து முடக்க முயல்வார்கள். மணிக்கணக்கில் தாமதமானால் அது வேறு கணக்குகளுக்கு நகர்ந்துவிடும். கிரெடிட் கார்டாக இருந்தால், மோசடி என்று நீங்கள் மறுத்த தொகைக்கு விசாரணை முடியும் வரை கட்டணம் எதுவும் விதிக்கக் கூடாது. மற்றத் தொகையை மட்டும் குறித்த நாளில் செலுத்திவிடுங்கள்.

புகாரை இவ்வளவு சுருக்கமாக எழுதினாலே போதும்:

‘ஐயா, என் சேமிப்புக் கணக்கிலிருந்து (கடைசி நான்கு இலக்கங்கள் ____) ____ தேதியில் ____ ரூபாய், ____ என்ற பெயருக்குப் பற்று வைக்கப்பட்டுள்ளது. பரிவர்த்தனை எண் ____. இதற்கான குறுஞ்செய்தி எனக்கு ____ தேதி, ____ மணிக்குக் கிடைத்தது. இந்தப் பரிவர்த்தனையை நான் செய்யவில்லை. யாரையும் செய்ய அனுமதிக்கவும் இல்லை. ஓடிபி, பின் எண் எதையும் யாரிடமும் பகிரவில்லை. கார்டை ____ மணிக்கு முடக்கிவிட்டேன். அனுமதியற்ற மின்னணுப் பரிவர்த்தனைகள் குறித்த ரிசர்வ் வங்கி விதிகளின்படி 10 வேலை நாட்களுக்குள் தொகையை வரவு வைக்கவும், புகார் எண்ணை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்கவும் கேட்டுக்கொள்கிறேன்.’

உண்மைக்குப் பொருந்தாத வாக்கியத்தை நீக்கிவிட்டு அனுப்புங்கள். முழுக் கார்டு எண்ணை எந்தக் கடிதத்திலும் எழுத வேண்டாம்.

வங்கிக்கு எழுதிய பிறகு டாக்சி நிறுவனத்துக்கும் செயலி வழியாகத் தெரிவியுங்கள். உங்கள் கணக்கே பிறர் கைக்குப் போயிருந்தால், எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றி, சேமித்த கார்டுகளை நீக்கச் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: மேல்முறையீடு

வங்கி 30 நாட்களுக்குள் பதில் தராவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். 2021 நவம்பர் 12 அன்று தொடங்கிய இந்த ஏற்பாட்டுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. ரிசர்வ் வங்கியின் புகார் இணையதளத்தில் பதியலாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். வங்கியில் முதலில் புகார் செய்ததற்கான எண் இல்லாமல் போனால் மனு ஏற்கப்படாது என்பதால்தான், அந்த எண்ணை எழுத்தில் வாங்கச் சொன்னேன். காலக்கெடு உள்ள வழி இது. 30 நாள் முடிந்ததும் தாமதிக்காமல் பதிந்துவிடுங்கள்.

கணக்கைக் காக்கும் சில அமைப்புகள்

வெளிநாட்டுப் பயன்பாடு தேவையில்லை என்றால் வங்கிச் செயலியில் அதை அணைத்து வையுங்கள். இணையவழிச் செலவுக்கு நாள் வரம்பு வையுங்கள். குறுஞ்செய்தி அறிவிப்பு வரும் எண், நீங்கள் தினமும் பார்க்கும் எண்ணாக இருக்கட்டும்.

பழைய சிம் கார்டைக் கைவிடும்போது டாக்சி செயலிகளை மறந்துவிடுவது இன்னும் பெரிய ஓட்டை. இச்செயலிகளில் நுழையக் கைபேசி எண்ணும் அதற்கு வரும் ஓடிபியும்தான் சாவி. நீங்கள் விட்ட எண்ணைத் தொலைத்தொடர்பு நிறுவனம் சில மாதங்களில் வேறொருவருக்கு வழங்கிவிடும். அவர் அதே எண்ணில் செயலியை நிறுவினால், உங்கள் பெயர், வீட்டு முகவரி, வாலெட் இருப்பு, இணைத்து வைத்த கட்டண வழிகள் எல்லாம் அவர் கையில் திறந்துகொள்ளும். எண்ணை மாற்றும் முன்பே ஒவ்வொரு டாக்சி செயலியிலும் புதிய எண்ணைப் பதிந்து, பழைய எண்ணுக்கு ஓடிபி வரும் கடைசி நாளுக்குள் அந்த மாற்றத்தை உறுதிசெய்துவிடுங்கள்.